கதவு வைத்த மண்டபம்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் இடது கைப்பக்கம் ஒரு கல்வீடு. அதன் கூடத்தில் விளக்குப் போட வேண்டுமானால் குனிய வேண்டும். சுவிட்சு முழங்கால் உயரத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “எந்த மடையன்யா வயரிங் பண்ணது?” என்று கேட்பார்கள். அந்த மடையன் நான்தான்.

நியாயமாகப் பார்த்தால் பழி எனக்குச் சேராது. கூடத்தின் நுழைவில் இருக்கிற கல்தூணில்தான் போர்டு வைக்க வசதி. கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் அந்தத் தூணில் ஒரு ஆளைச் செதுக்கியிருந்தார்கள். கும்பிட்டபடி நிற்கிறவர். மூக்கு உடைந்து போயிருந்தது. அவருக்குப் பக்கத்தில் நான் பென்சிலால் கோடு போட்டதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

“தம்பி, அவர் முன்னாடியே இருக்காரு. மூஞ்சிக்கு நேரா போர்டு வெச்சா அவருக்கு எப்படி இருக்கும்?”

“அம்மா, அது கல்லும்மா.”

“தெரியுது. ஆனா முன்னாடியே இருக்காரு இல்ல?”

கொஞ்சம் மேலே வைக்கலாம் என்றேன். அங்கே ஒரு பல்லி முட்டை வைத்திருந்தது. அதுவும் முன்னாடியே இருந்ததாம். கடைசியில் கும்பிடுகிறவரின் காலுக்குக் கீழே கிடைத்த இடத்தில் வைத்தேன். பல்லி அடுத்த வாரமே குஞ்சு பொரித்துக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. போர்டு மட்டும் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

ஊரில் அந்த அம்மாவுக்கு மண்டபத்தம்மா என்று பேர். சொந்த ஊர் வேலூர் பக்கம். பம்பாயில் ஏதோ கம்பெனி ஆபீசில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் எதுவும் செய்துகொள்ளாமல், எண்பதுகளின் கடைசியில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆசிரமத்துப் பக்கம் வந்தவர். செங்கம் ரோட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். ஒரு வாரம் ஒரு வருஷமானது. தினமும் காலையில் மலையைச் சுற்றி நடப்பார். அப்படி நடந்தபோதுதான் அந்த இடிந்த சத்திரம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று எந்தக் காலத்திலோ மலை சுற்றுகிறவர்கள் இளைப்பாறக் கட்டி வைத்த சத்திரம் அது. நடுவில் தூண் வைத்த மண்டபம் (அதுதான் இன்றைய கூடம்), இரண்டு பக்கமும் அறைகள், பின்னால் கிணறு. சாமி சிலை எதுவும் என்றைக்கும் வைக்கப்படவில்லை. அறைகளின் கூரை விழுந்து, சுவர்களில் செடி முளைத்து, மண்டபம் மட்டும் முழுசாக நின்றது. வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். இவரும் வாங்கிவிட்டார். நாங்களெல்லாம் சிரித்தோம். புதிதாக ஒரு வீட்டை ஜம்மென்று கட்டிக்கொள்வதை விட்டுவிட்டு, பாம்பும் ஆடும் சீட்டாடுகிறவர்களும் குடியிருக்கிற இடத்தை யாராவது வாங்குவார்களா?

இப்போது நாலு கல்தூண் இருந்தால் போதும், ரூம் போட்டு, நீச்சல் குளம் வெட்டி, சென்னைக்காரர்களைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றாத காரியம். இடிந்ததைச் சரிசெய்து, ஒரு அறையில் தான் இருந்துகொண்டு, மற்ற அறைகளை அமைதி தேடி வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். கல்சுவரைப் பூசி மறைக்கக் கூடாது, அதே சமயம் உள்ளே வெந்நீர், மின்விசிறி எல்லாம் இருக்க வேண்டும் என்றார். கருங்கல்லில் வயர் இழுப்பது என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரியும். சுவரை வெட்டிக் குழாய் புதைக்க முடியாது. கல் இடுக்கிலேயே வளைத்து வளைத்துக் கொண்டுபோக வேண்டும். நான் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். அவர் மோர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒருநாள் மோரைக் கொடுத்துவிட்டு அவராகவே சொன்னார். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தம்பி. ஒரு கதவு வேணும். உள்ள போயி நானே தாழ்ப்பாள் போடணும். அப்புறம் யாரும் தட்டக் கூடாது.”

எல்லா வீட்டிலும்தானே கதவு இருக்கிறது, இதென்ன பெரிய ஆசை என்று நினைத்தேன். கரண்டு போயிருந்த ஒரு மத்தியானம், வேலை எதுவும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, காரணம் தெரிந்தது. பெரிய குடும்பத்தில் கடைசிப் பெண். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பாடு. எல்லாரும் படுத்த பிறகு எங்கே இடம் இருக்கிறதோ அங்கே பாய். அக்காக்களுக்குச் சின்னதாகிப்போன பாவாடைதான் இவருக்குப் புதுப் பாவாடை. பம்பாயில் பெண்கள் ஹாஸ்டல். அங்கேயும் கடைசியாகப் போய்ச் சேர்ந்ததால் கக்கூஸ் பக்கத்துக் கட்டில். காலையில் பக்கெட்டோடு வரிசையில் நிற்பார். தனக்கு முன்னால் நிற்பவள் சிநேகிதிக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள். அந்தச் சிநேகிதி இன்னொருத்திக்கு.

“கேக்க மாட்டீங்களாம்மா?”

“எப்படிக் கேக்கறது? அவங்க முன்னாடியே இருக்காங்க இல்ல?” என்று சிரித்தார்.

வாழ்நாளெல்லாம் முன்னாடியே இருந்தவர்களுக்கு வழிவிட்டவர் சொந்தமாக ஒரு இடம் வாங்கினால் என்ன செய்ய வேண்டும்? இனிமேல் நான்தான் முதல் என்று காலை நீட்டி உட்கார வேண்டும். இந்த அம்மாவோ, வாங்கின இடத்துக்குள் போய் அங்கே யார் யார் முன்னாடியே இருக்கிறார்கள் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

அஞ்சலையின் ஆடுகள் இருந்தன. அஞ்சலை அடி அண்ணாமலைக்காரி. மழை பெய்தால் வடக்கு அறையில்தான் ஆடுகளை ஓட்டி நிறுத்துவாள். வரைபடம் போட வந்த பாண்டிச்சேரி ஆர்க்கிடெக்ட் அந்த இடத்தில் அழகான குளியலறை ஒன்று போட்டிருந்தார். வேலை ஆரம்பித்த அன்று அஞ்சலை வாசலில் வந்து நின்றாள்.

“இங்க குளிக்கிற ரூம் கட்டிட்டா மழ வந்தா எங்க ஆடு எங்கம்மா போவும்?”

சண்டைக்கு வந்தவள்தான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அவளே குரலைத் தணித்துக்கொண்டாள். அவர் அப்படித் தவித்துப் போனார். “தப்பாயிடுச்சும்மா. அவங்க முன்னாடியே இருக்காங்கன்னு எனக்குத் தெரியாது” என்றார். அவர் அவங்க என்றது ஆடுகளை. ஆடுகளுக்குக்கூட மரியாதைதான். வழியில் ஒரு கிடா படுத்திருந்தால், “கொஞ்சம் நகருங்க” என்பார். கிடா நகராது. இவர் சுற்றிக்கொண்டு போவார்.

குளியலறை தெற்குப் பக்கம் போனது. வடக்கு அறைக்கு நல்ல கூரை, சிமெண்டுத் தரை, கொல்லைப் பக்கம் அகலமான வழி. அறையிலிருந்து வீட்டுக்குள் வர ஒரு சின்னக் கதவு. அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது, அஞ்சலை சமையலறையில் தண்ணீர் மொள்ள வர வேண்டுமே. ஆடுகளுக்கு ஒரு டியூப்லைட்டும் போடச் சொன்னார். போட்டேன். ஆர்க்கிடெக்ட் அந்த டியூப்லைட்டைப் பார்த்த அன்றைக்குப் பாண்டிச்சேரி பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை.

மத்தியான நேரத்தில் மண்டபத்தில் சீட்டாடுகிற ஒரு கும்பல் இருந்தது. வீட்டு வேலை முடிகிற சமயத்தில் அவர்களாகவே மரியாதையாக விலகிக்கொண்டார்கள். இவர் விடவில்லை. ஊருக்குள் போய்த் தேடி, டீக்கடையில் பிடித்து, “நீங்க ஏன் வர்றதில்ல? உங்க இடம் அப்படியேதான் இருக்கு” என்று கூப்பிட்டு வந்தார். பாய் விரித்து, நடுவில் தண்ணீர்ச் சொம்பு வைத்து, டீயும் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், அவர்களுக்கு ஆட்டமே ஓடவில்லை. ஒரு வார்த்தை கெட்டவார்த்தை பேச முடியவில்லை. பீடி பற்றவைக்க முடியவில்லை. இரண்டு நாள் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்துவிட்டு மூன்றாம் நாள் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். “என்ன தப்புப் பண்ணேன் தம்பி?” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வரும். ஒரு வேலையை நேராகச் செய்ய விடமாட்டார். அந்த எரிச்சலைவிடப் பிரியம் ஜாஸ்தியாக இருந்ததால்தான் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

கதவு கடைசியாக வந்தது. டவுனில் சொல்லி வேங்கை மரத்தில் செய்தது. மண்டபத்துக்கு என்றைக்கும் கதவு இருந்ததில்லை. முன்பக்கத்து இரண்டு தூணுக்கு நடுவே நிலை வைத்து, மற்ற இடைவெளிகளைக் கல்லால் அடைத்துப் பொருத்தினார்கள். முழங்கை நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். ஆசாரி வேலையை முடித்ததும் அந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நாங்கள் சிரித்தபடி வெளியே நின்றோம். கொஞ்ச நேரத்தில் திறப்பார் என்று பார்த்தால் திறக்கவே இல்லை. எங்கள் சாமான்கள் உள்ளே, சாப்பாட்டுத் தூக்கு உள்ளே. தட்டக் கூடாது என்று சொல்லியிருந்தாரே என்று நானும் தட்டவில்லை, ஆட்டு அறை வழியாக நுழையவும் மனசு வரவில்லை. ஆசாரி பசி தாங்காமல் என்னைத் திட்டினார். பொழுது சாய்கிற நேரத்தில் கதவு திறந்தது.

“என்னம்மா பண்ணீங்க இவ்ளோ நேரம்?”

“ஒண்ணும் பண்ணலை தம்பி. யாருமே வரலை. அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆசாரிகூடத் திட்டுவதை விட்டுவிட்டுத் தூக்கைத் தேடிப் போனார்.

அந்தச் சந்தோஷம் அடுத்த பௌர்ணமி வரை இருந்தது. சாயங்காலம் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவர் திரும்பி வந்து பார்த்தால், கூடத்தில் ஒரு வயசான தம்பதி துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே என்னுடைய மின்விசிறி. வருஷக்கணக்காகப் பௌர்ணமிதோறும் மலை சுற்றுகிறவர்கள், எப்போதும் இளைப்பாறுகிற இடம்.

“இந்த வாட்டி ஃபேன்லாம் போட்டு வெச்சிருக்காங்க. யாரோ புண்ணியவானுங்க” என்றாராம் படுத்திருந்த பாட்டி. பெரியவர் கண்ணைத் திறக்காமலே, “கொஞ்சம் ஜாஸ்தியா வைம்மா” என்றிருக்கிறார். வீட்டுக்காரி குனிந்து ஜாஸ்தியாக வைத்திருக்கிறார்.

அப்போதெல்லாம் பௌர்ணமிக்குச் சுற்றுகிற கூட்டம் கம்மி. வந்து படுக்கிறவர்கள் ஏழெட்டுக் குடும்பம் இருப்பார்கள். மாதத்தில் ஒருநாள் கதவு திறந்திருக்கட்டும், மற்ற நாளெல்லாம் என் தாழ்ப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டார். ஆனால் தொண்ணூறுகளில் கிரிவலம் எப்படிப் பெருகியது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலிருந்து பஸ், ஆந்திராவிலிருந்து வேன். பாதை முழுக்கத் தலை. ஏழெட்டுக் குடும்பம் படுத்த கூடத்தில் கால் வைக்க இடமில்லை. அறைகளில் தங்கியிருக்கிற விருந்தாளிகள் கதவைத் திறந்தால் குறுக்கே நாலு பேர் தூங்குவார்கள். வீட்டுக்காரி தன் அறையையும் யாருக்காவது விட்டுவிட்டு, சமையலறையில் அரிசி டின்னுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் சுருண்டு படுத்திருப்பார். பம்பாய் ஹாஸ்டலே தேவலை என்று நான் ஒருநாள் சொன்னதற்குச் சிரித்தார். அன்றைக்கு அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை.

ஒரு விருந்தாளி நேராகவே கேட்டுவிட்டார். “யார் மேடம் இவங்கெல்லாம்? அமைதியா இருக்கும்னுதானே வந்தோம்?”

“அவங்க முன்னாடியேருந்து வர்றவங்க சார். நீங்கதான் புதுசு” என்று பதில் சொன்னாராம். விருந்தாளி விடிந்ததும் பெட்டியைத் தூக்கிவிட்டார். அந்த வருஷத்தில் அப்படிப் பெட்டியைத் தூக்கியவர்கள் பலர்.

அறைகளுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது சென்னையில் இருந்த அவருடைய அண்ணன் மகன். நல்ல பையன், அத்தைமேல் பாசமும் உண்டு. கண்டிஷனாகப் பேசுவான். ஒரு பௌர்ணமிக்கு முந்தின நாள் தியானம் செய்கிற குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவர்கள் வந்திருப்பது மௌனமாக உட்காருவதற்கு.

“அத்தை, நாளைக்கு ஒரே ஒரு பௌர்ணமி கதவைச் சாத்துங்க. இவங்களும் பாதியில கிளம்பிட்டாங்கன்னா இனிமே யாரையும் கூட்டிட்டு வர முடியாது. வீட்டை யாருக்காவது குடுத்துட்டு எங்களோட மெட்ராஸ் வந்துடுங்க.”

“அங்க நான் எங்கடா இருப்பேன்?”

“ஹால்லதான். டிவி பக்கத்துல இடம் இருக்கு. பசங்க தூங்கினப்புறம் படுத்துக்கலாம்.”

அவன் நல்லெண்ணத்தில்தான் சொன்னான். சொல்லும்போது நான் கூடத்தில் பல்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். இந்த வயசில் மறுபடியும் எல்லாரும் படுத்த பிறகு பாய் விரிக்கிற பிழைப்பா? கதவைச் சாத்தித் தொலையுங்களேன் அம்மா என்று கத்த வேண்டும் போலிருந்தது. “சரிடா” என்றார் கடைசியில்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் அவரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அந்த நேரம் நான் செங்கம் ரோட்டில் என் எலெக்ட்ரிக் கடையைச் சாத்திக்கொண்டிருந்தேன். அண்ணன் மகனிடமிருந்து போன். அறைகளில் கரண்டு நின்றுவிட்டது, உடனே வர வேண்டும் என்றான். குரல் பதறியது. மொபெட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து போனேன். மலைக்கு அந்தப் பக்கம் நிலா கிளம்பிக்கொண்டிருந்த நேரம். கல்வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. பாதையோரமாக ஒரு வரிசை நின்றது. நீளமான வரிசை. அதன் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நேரே அந்த அம்மாவின் கதவில்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிரிவலப் பாதையில் ஒரு கல்மண்டபம். அதில் கும்பிட்டபடி நிற்கிற சிலை வைத்த தூண். நடுவில் கதவு, கதவு சாத்தியிருக்கிறது. இதற்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். நடை சாத்தியிருக்கிறார்கள், திறப்பார்கள். முதலில் வந்த யாரோ உட்கார்ந்து காத்திருக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அடுத்து வந்தவர் வாசற்படியில் கற்பூரம் ஏற்றியிருக்கிறார். திருவண்ணாமலையில் பத்துப் பேர் வரிசையாக நின்றால் பதினோராவது ஆள் எதற்கு என்று கேட்க மாட்டான், முதலில் நின்றுகொள்வான். கதவுக்கு யாரோ மாலைகூடப் போட்டிருந்தார்கள். வில்வம் விற்கிற ஒரு பெண் கூடையோடு வந்து இடம் பிடித்துவிட்டாள்.

“என்ன சாமிங்க உள்ள?” என்று ஒருவரைக் கேட்டுப் பார்த்தேன்.

“தெரியலீங்க. ரொம்பப் பழைய கோயிலாம். பௌர்ணமிக்கு மட்டும்தான் தொறப்பாங்களாம்” என்றார் பக்தியாக.

ஒருவகையில் அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டு, கொல்லைப் பக்கம் போவதற்காக வரிசையின் வாலைச் சுற்றினேன். அங்கே, கடைசி ஆளாக, முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, மண்டபத்தம்மா நின்றுகொண்டிருந்தார்.

“அம்மா! இங்க என்ன பண்றீங்க?”

“உள்ள சத்தம் கேட்டுது தம்பி. என்ன கூட்டம்னு பாக்க ஆட்டு ரூம் வழியா வந்தேன்” என்றார். மெதுவாகப் பேசினார், பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. “இவங்கெல்லாம் எவ்வளவு நேரமா நிக்கிறாங்க தெரியுமா? எப்படி இவங்களைத் தாண்டிப் போறது?”

“உங்க வீடும்மா அது!”

“இருந்தாலும், முன்னாடியே நிக்கிறாங்க இல்ல?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வாருங்கள், பின்வழியாகப் போய் உங்கள் அறையில் உட்காருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவர் வரவில்லை. “சொல்லிடலாமா தம்பி, சாமியெல்லாம் இல்லைன்னு?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்த வரிசையைப் பார்த்தார். தோளில் குழந்தை தூங்க ஒரு பெண், கொப்பளம் வந்த காலை மாற்றி மாற்றி வைத்தபடி ஒரு கிழவர். அவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை.

அதற்குள் எங்களுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். எந்த ஊர்க்காரியோ, விழுப்புரம் பக்கம் போலிருந்தது பேச்சு. நாற்பது வயசிருக்கும். இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஏம்மா, வயசானவங்க எதுக்குக் கடைசியில நிக்கிறீங்க? முன்னாடி போங்க” என்றாள்.

“இல்லம்மா, பரவால்ல. நீங்கல்லாம் முன்னாடியே...”

“அட வாங்கம்மா.” அவள் கையைப் பிடித்துத் தனக்கு முன்னால் இழுத்துவிட்டாள். அங்கே நின்றவரிடம், “அண்ணே, அம்மாவுக்கு வழி வுடுங்க” என்றாள். அவர் நகர்ந்தார். அவருக்கு முன்னால் நின்றவர்களும் நகர்ந்தார்கள். “அம்மா போவட்டும், அம்மா போவட்டும்” என்று வரிசை நெடுக ஒரு குரல் போனது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அவரை மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். இல்லை இல்லை என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டே போவது கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு அப்போதுதான் வந்தது. ஓடினேன். ஆட்டு அறையில் அஞ்சலை ஆடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். “அம்மாவப் பாத்தியா?” என்றாள். பதில் சொல்ல நேரமில்லை. கூடத்தில் மெழுகுவத்தி எரிந்தது. தியானக் குழு வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தது. வெளியே அத்தனை கூட்டம் அரோகரா போட்டும் ஒருவர்கூடக் கண்ணைத் திறக்கவில்லை. பாராட்டத்தான் வேண்டும். அண்ணன் மகன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தான்.

“ஃபியூஸ் அந்தப் பக்கம் இருக்கு” என்றான்.

“ஃபியூஸ் இருக்கட்டும். கதவத் தொறக்கணும், நகருங்க.”

“அய்யோ, வேணாங்க! எல்லாரும் உள்ள வந்துடுவாங்க!”

“உங்க அத்தை வெளிய நிக்கிறாங்க.”

“அத்தையா? வெளியவா? எங்க?”

“வரிசையில.”

அவன் வாயைப் பிளந்த இடைவெளியில் நான் தாழ்ப்பாளை இழுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள். உள்ளே வந்த கூட்டம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களைச் சாமியார்கள் என்று நினைத்துக் காலில் விழுந்தது. ஒருவர் மடியில் வாழைப்பழம் வைத்தார்கள், ஒருவருக்கு விபூதி பூசினார்கள். அந்தக் குழுவில் பாதிப் பேர் காலையில் காரை வரவழைத்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் அடுத்த பௌர்ணமிக்குத் திரும்பி வந்து, மலையைச் சுற்றிவிட்டு, கூடத்தில் ஜனங்களோடு ஜனங்களாகத் துண்டை விரித்துப் படுத்தார்கள். சென்னைக்காரர்களை என்னால் என்றைக்கும் புரிந்துகொள்ள முடிந்ததில்லை. அண்ணன் மகன் அதற்கப்புறம் மெட்ராஸ் ஹாலைப் பற்றிப் பேசவில்லை. அத்தை அந்தக் கதவு வழியாக உள்ளே வந்ததை அவனும் பக்கத்தில் நின்று பார்த்தான் அல்லவா? வீடு அப்படியும் இப்படியுமாக ஓடியது. அந்த அம்மா கடைசி வரைக்கும் அங்கேதான் இருந்தார்.

அந்த ராத்திரி கதவு திறந்ததும் வாசற்படியில் எல்லாருக்கும் முன்னால் அவர்தான் நின்றார். யாரோ கையில் கொடுத்த வில்வத்தோடு, கும்பிட்டபடி. பின்னால் அத்தனை ஜனமும், அவர் உள்ளே அடி எடுத்து வைக்கட்டும் என்று பொறுத்து நின்றது. அவர் வலது காலை வைத்து உள்ளே வந்தார். கூரைக் கல்லை, தூணை, சுவரையெல்லாம் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. என்னைக் கண்டதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“என்னை முதல்ல போகச் சொன்னாங்க தம்பி” என்றார். “அத்தனை பேரும்.”